மீட்டர்க்காரரின் சைக்கிளை ஓட்டியவர்

இருபத்துமூன்று வருஷமாக ஒரு மனுஷன் அடுத்தவர் வீட்டு வாசலில் குனிந்து நிமிர்ந்தே காலம் தள்ளினார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். அவர் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். குடிநீர் அலுவலகத்தில் அவருக்கு ஒரு பெயரும் பெயருக்குப் பின்னால் முழ நீளத்துக்கு ஒரு பதவியும் உண்டு. தெருவில் யாருக்கு அதெல்லாம் வேண்டும்? "மீட்டர்க்காரர் வந்திருக்கார், நாயைப் பிடி" என்பார்கள். அவ்வளவுதான் அவருக்கும் ஊருக்கும் பேச்சு.

சின்ன வேலைதான். ஆனாலும் அதற்கென்று ஒரு கை வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டை ஒட்டித் தரையில் ஓர் இரும்பு மூடி இருக்கும். கொக்கிக் கம்பியை மாட்டி அதைத் தூக்கினால், உள்ளே குழியில் சேறும் பூச்சியுமாக மீட்டர் கிடக்கும். கட்டை விரலால் கண்ணாடியைத் துடைத்தால் ஏழு எண்கள் தெரியும். முதல் நான்கு கறுப்பு, கடைசி மூன்று சிவப்பு. கறுப்பை மட்டும்தான் எழுத வேண்டும். சிவப்பு வெறும் சொட்டுக் கணக்கு, குழாயைத் திறந்தால் ஓடிக்கொண்டே இருக்கும், அதைத் தொடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் முழுக்க அவர் சிவப்பையும் சேர்த்தே எழுதித் தொலைத்து, பழைய ஆட்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் அந்தத் தப்பு அவர் கைக்கு வந்ததே இல்லை. எழுதுவது பென்சிலால். மழையில் பேனா மை கரைந்துவிடும்.

சைக்கிளைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது. ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து வீடு. மிதிப்பார், காலை ஊன்றுவார், இறங்குவார், குனிவார், மறுபடி ஏறுவார். அலுவலகத்தில் மற்றவர்களுக்கெல்லாம் மோட்டார் பைக் வந்து பத்து வருஷம் ஆயிற்று. "நூறடிக்கு ஒரு தடவை நிறுத்தறதுக்கு எதுக்குய்யா இஞ்சினு?" என்று இவர் மட்டும் வாங்க மறுத்துவிட்டார். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு, மறைப்பானேன்! வளைவில் இரண்டு கையையும் விட்டுவிட்டு, தோளில் தொங்கும் பையிலிருந்து புத்தகத்தை எடுப்பார், ஐம்பதை நெருங்கும் வயதில். யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை வேறு.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு இது வந்தது. ஒரு தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, அதே தெருவின் மறுமுனையில் ஒரு காலை ஊன்றி நிற்பது. வாயில் ஆணியைச் சப்பியதுபோல ஒரு சுவை. நடுவில் ஒன்றுமே இல்லை. புத்தகத்தைத் திறந்தால், அந்தத் தெருவின் ஐந்து வீடுகளும் எழுதி முடிந்திருந்தன. அவருடைய கையெழுத்து. கொக்கிக் கம்பியில் ஈரச்சேறு. வயசாகிவிட்டது, யோசனையில் எழுதியிருப்போம் என்று தலையைத் தட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஐந்து வீட்டுக்காரர்களும் திமுதிமுவென்று அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். மூன்றே பேர் இருக்கும் வீடு ஒரு மாதத்தில் ஓர் ஏரியைக் குடித்துத் தீர்த்ததாகக் கணக்குப் போயிருந்தது. "எங்க வீட்டுல என்ன திமிங்கலமா வளர்க்கிறோம்?" என்று ஓர் அம்மாள் மேஜையைத் தட்டினாள். மேற்பார்வையாளருக்கு அலுவலகத்தில் சல்லடை என்று பெயர். எந்தத் தப்பையும் சலித்து எடுத்துவிடுவார். அவர் புத்தகத்தைப் பிரித்து ஒரு பார்வை பார்த்தார்.

"என்னய்யா இது? சிவப்பையும் சேர்த்து எழுதி வச்சிருக்க? நேத்து சேர்ந்தவன்கூட இப்படிப் பண்ண மாட்டானே!"

"நான் எழுதல சார்."

"உன் கையெழுத்து இல்லையா இது?"

"என் கையெழுத்துதான் சார். ஆனா நான் எழுதல."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சல்லடை சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் மனைவிக்குப் போன் செய்தார்.

மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் முன்மேஜையில் உட்கார்ந்து நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிறவள். நாள் முழுக்க ஜனங்களின் பொய்யைக் கேட்பதுதான் அங்கே பாதி வேலை. "ரெண்டு வேளையும் தேய்க்கிறேங்க" என்று வாயைத் திறக்காமல் சொல்கிறவர்களை அவளுக்குத் தூரத்திலேயே தெரியும். அவள் வந்து விஷயத்தைக் கேட்டாள். கேட்டதும் முகம் மாறிவிட்டது. "வீட்டுலயும் ரெண்டு தடவை இந்த மாதிரி பார்த்தேன் சார். கேட்டா பதில் வராது, எங்கேயோ பார்த்துட்டு நிப்பார். கோவிச்சுக்கிட்டு இருக்கார்னு நினைச்சேன்" என்றாள். இருபத்திரண்டு வருஷக் குடும்பத்தில் அப்படி நினைப்பதுதானே நியாயம்!

நரம்பு டாக்டரம்மா அவர் தலைமுடிக்குள் பசை தடவி ஒயர் ஒயராக ஒட்டி, காகிதத்தில் கோடுகளை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

"வலிப்புன்னா கீழே விழுந்து கைகால் இழுத்துக்கிறது மட்டும் இல்லீங்க. உங்களுக்கு மூளையில ஒரு மூலையில மட்டும் தாறுமாறா மின்சாரம் ஓடுது. அந்த நேரத்துல நீங்க நிப்பீங்க, நடப்பீங்க, பழகின வேலையைச் செய்வீங்க, ரெண்டு வார்த்தை பேசக்கூடச் செய்வீங்க. ஆனா நீங்க அங்க இருக்க மாட்டீங்க."

"அப்போ யாரு இருப்பாங்க?"

"யாரும் இருக்க மாட்டாங்க. கை பழக்கத்துல தானா செய்யும்."

இந்தப் பதில் அவருக்குத் துளியும் ஒப்பவில்லை. பழக்கத்தில் கை செய்திருந்தால் கறுப்பை மட்டும்தானே எழுதியிருக்கும்? இருபத்துமூன்று வருஷப் பழக்கம் அதுதானே? டாக்டரிடம் கேட்க வாயெடுத்து, மென்று விழுங்கிவிட்டார்.

நோய் போகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. காலையும் இரவும் தவறாமல் மாத்திரை. சைக்கிள் கூடாது. ஒரு முழு வருஷம் ஒரு தடவைகூட வராமல் இருந்தால் அப்போது பார்க்கலாம். நடுவில் ஒன்று வந்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. மனைவி சைக்கிளை வீட்டுப் பின்கட்டில் நிறுத்தி, ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள். அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

அலுவலகத்தில் அவருக்கு அடித்தளத்தில், படிக்கட்டுக்குக் கீழே ஒரு மேஜை கொடுத்தார்கள். பழுதான மீட்டர்களைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றுகிற வேலை. கூரை ஓரத்தில் ஒரு ஜன்னல். அது வெளியே தரைமட்டத்தில் இருந்ததால் போகிற வருகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். ஒரு நாள் பார்க்கலாம், இரண்டு நாள் பார்க்கலாம், எத்தனை நாள்தான் ஊரார் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பது? சைக்கிள் சக்கரம் ஒன்று ஜன்னலைக் கடந்தால் அன்றைக்குப் பூராவும் அவர் யாரிடமும் பேச மாட்டார். முழு ஆள் தெரியாத அந்த அறையில்தான் அவர் யோசிக்க ஆரம்பித்தார். உட்கார்ந்து கணக்குப் போட்டார். சிவப்பைச் சேர்த்து எழுதுகிறவர், தான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்து ஆள். அந்த ஆள் எங்கேயும் போகவில்லை. உள்ளேயே எங்கேயோ இருந்திருக்கிறார். இப்போது இடம் கிடைக்கும்போதெல்லாம் எழுந்து வந்து தன் சட்டைக்குள் நின்றுகொள்கிறார். பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்? உடம்பு புல்லரித்தது புல்லரித்ததுதான்.

மாத்திரை வேலை செய்ய ஆரம்பிப்பதற்கு முன்னால் வீட்டிலேயே மூன்று தடவை வந்தது. ஒரு தடவை சாப்பிட உட்கார்ந்தது தெரியும். அடுத்த கணம் பின்கட்டுக் குழாயடியில் நிற்கிறார். தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கிறது. மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்க்கிறாள்.

"வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். வெளியே போனவர் வீடு திரும்பினால் கேட்கிற மாதிரி.

"அந்தாள் என்ன பண்ணார்?" என்றார். அன்றுதான் முதல்முதலாக அந்தாள் என்ற வார்த்தை வீட்டுக்குள் வந்தது.

"என்ன பண்ணார், தட்டைக் கழுவி வச்சார். இத்தனை வருஷத்துல நீங்க ஒரு நாளாவது கழுவியிருக்கீங்களா? மாசத்துக்கு ரெண்டு தடவை அவரையே வரச் சொல்லுங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவர், "உன்கிட்ட ஏதாவது பேசினாரா?" என்று கேட்டார். அவள் "மாத்திரை போட்டீங்களா?" என்று எழுந்து போய்விட்டாள். அப்புறம் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். அந்தாளுக்கு முகம் எப்படி இருக்கும்? குரல் மாறுமா? "அதெல்லாம் எதுக்கு இப்போ?" என்பாள். அவளுக்கு அந்தாளைத் தெரியும். தனக்குத் தெரியாது. தன் வீட்டுக்குள் தன் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்து போகிறார், தான் மட்டும் அவரைப் பார்த்ததில்லை. முகம் மழிக்கும்போது கண்ணாடியை நேராகப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம் என்ன கூச்சம், பயம்தான்.

பிறகு மாத்திரை பிடித்தது. ஒரு மாதம், மூன்று மாதம், பத்து மாதம். அந்தாள் வரவில்லை. பதினான்கு மாதம் ஆனதும் டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெரிய சாலை கூடாது, ஹெல்மெட் இல்லாமல் கூடாது, வாயில் அந்த ஆணிச் சுவை வந்தால் உடனே இறங்கி ஓரமாக உட்கார வேண்டும் என்று சொல்லி, "ஓட்டுங்க" என்றார். சல்லடையும் பையையும் கொக்கிக் கம்பியையும் அவரிடம் திருப்பிக் கொடுத்தார். வெளியூரில் படிக்கும் மகள் ஹெல்மெட் வாங்கி அனுப்பினாள். போட்டுக்கொண்டால் தலையில் பூசணிக்காயைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஒரே ஒரு விஷயம். தினமும் சாயங்காலம் வந்ததும் எந்தெந்தத் தெரு போனீங்க, என்னென்ன பார்த்தீங்கன்னு எனக்குச் சொல்லணும். ஒரு தெரு விடாம. எங்கயாவது விட்டுப்போச்சுன்னா விட்டுப்போச்சுன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"விட்டுப்போச்சுன்னா?"

"சைக்கிளுக்கு மறுபடி போர்வை போட்டுடலாம். டாக்டர்கிட்டப் போகலாம். என்கிட்டச் சொல்லுங்க, அது போதும். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

சரி என்றார். இந்த ஒரு வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் வாயார, மனசார சொன்ன சரி அது.

முதல் நாள் மிதித்தபோது தொடை இரண்டும் கல்லாகக் கனத்தன. வீட்டிலிருந்து நான்காவது தெருவில் இறங்கி, ஒரு சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். மாத்திரையால் உடம்பு வேறு பத்துக் கிலோ கூடியிருந்தது. ஆனால் அடுத்த தெரு இறக்கம். சக்கரம் தானாக உருளத் தொடங்கி, காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை உப்ப வைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு ஒரே சமயத்தில் மரமும் மொட்டைமாடியும் முழுசு முழுசாக ஆட்களும் கிடைத்தால் அழாமல் என்ன செய்வார்? கையை மட்டும் விடவில்லை. வளைவு வந்தபோது இரண்டு கையும் பிடியை இறுக்கிக்கொண்டன.

அதிலிருந்து ஐந்து மாதம், அவர்கள் குடும்பத்தில் அதுவரை இல்லாத ஒரு வழக்கம் நடந்தது. அவள் துணி மடித்துக்கொண்டோ காய் நறுக்கிக்கொண்டோ உட்கார்ந்திருப்பாள். அவர் எதிரில் உட்கார்ந்து தெருத்தெருவாகச் சொல்வார். எந்த வீட்டில் மூடியின் மேலேயே காரை நிறுத்தி உயிரை எடுத்தார்கள், எந்த வீட்டில் மீட்டர் குழிக்குள் பூனை குட்டி போட்டிருந்தது, எந்தப் பெரியவர் பேச ஆளில்லாமல் இவரைப் பிடித்துவைத்து முட்டிவலி புராணம் பாடினார். அவள் நடுநடுவே வக்கீல் மாதிரி குறுக்கே கேட்பாள்.

"இருங்க இருங்க, அந்தப் பூனை வீட்டுக்கு முன்னாடி ஒரு தையற்கடை இருக்கணுமே?"

"இன்னைக்கு மூடியிருந்துச்சு. ஆள் கல்யாணத்துக்குப் போயிருக்காராம், எழுதித் தொங்கவிட்டிருந்தது."

"ம், பாஸ். மேல போங்க."

முன்னெல்லாம் "வேலை எப்படி?" என்று கேட்டால் "இருந்துச்சு" என்பதோடு சரி. இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது, இந்த மனுஷனுக்குள் இத்தனை பேச்சு இருக்கிறது என்று. ஒரு நாள் விருந்தாளி வந்து பேச்சு நின்றுபோனபோது, அவர்கள் போனதும் போகாததுமாக "அப்புறம் அந்த ஏணிக்காரன் கதை என்னாச்சு?" என்று ஆசையாகக் கேட்டாள். பரீட்சையாக ஆரம்பித்தது, இரண்டு பேருக்கும் அந்த நாளின் நல்ல நேரமாக ஆகியிருந்தது. அவர் அவளுக்காகவே தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

அன்றைக்குப் புதன்கிழமை. மாத்திரை தவறவில்லை, தூக்கம் கெடவில்லை, மனசிலும் ஒரு குறையும் இல்லை. டீக்கடை வளைவில் திரும்பினார். திரும்பினால் எதிரே சிவப்புத் தபால்பெட்டி. அந்தத் தபால்பெட்டி தெருவின் மறுமுனையில் அல்லவா இருக்கிறது? ஒரு கால் தரையில் ஊன்றியிருந்தது. வாயில் ஆணிச் சுவை.

புத்தகத்தைத் திறக்கவே அவருக்குக் கை வரவில்லை. திறந்தார். நான்கு வீடு. தெளிவான கையெழுத்து. கறுப்பு நான்கும் சிவப்பு மூன்றும், வீட்டுக்கு ஏழு ஏழாக வரிசையாக நின்றன.

பத்தொன்பது மாதம் கழித்து அந்தாள் வந்துவிட்டுப் போயிருக்கிறார். பட்டப்பகலில், நல்ல வெயிலில். திரும்பித் தெருவைப் பார்த்தார், யாரோ நடந்து போவதைப் பிடித்துவிடலாம் என்பதுபோல. அடுத்து என்ன? படிக்கட்டுக்குக் கீழே மேஜை. கால்கள். மறுபடி ஒரு வருஷம், அது ஒழுங்காகக் கழிந்தால். சாயங்காலம் சொல்வதற்கும் ஒன்றும் இருக்காது. அவர் அதிகம் யோசிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்து, நான்கு வீட்டின் சிவப்பு எண்களையும் ஒவ்வொன்றாக அழித்தார். துகளை ஊதினார்.

பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அதே தெருவில் மெல்லப் போனார், பரீட்சைக்குக் கடைசி நேரத்தில் மனப்பாடம் செய்கிற பிள்ளை மாதிரி. முதல் வீட்டில் காருக்கு நீலத் தார்ப்பாய். எதிரே ஒருவர் ஏணியில் நின்று கேட்டுக்குப் பச்சை வர்ணம் அடிக்கிறார், செருப்பில் இரண்டு சொட்டு. மூன்றாம் வீட்டுக் கேட்டு இடுக்கில் நாலைந்து செய்தித்தாள் பிதுங்குகிறது. கடைசி வீட்டுச் சுவரில் பாய் காய்கிறது. எல்லாவற்றையும் இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் உட்கார்ந்து ஆரம்பித்தார். டீக்கடை வளைவு வரை எப்போதும்போல வந்தது. அந்தத் தெரு வந்ததும் குரல் தானாகக் கொஞ்சம் ஏறிற்று. தார்ப்பாய், பச்சை வர்ணம், செருப்பில் சொட்டு, செய்தித்தாள், பாய். ஒன்றையும் விடவில்லை. அவள் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சட்டையையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, இன்னைக்குக் கேள்வியே காணோம்?" என்றார்.

"கேக்கறேன். அந்தப் பெயிண்ட்காரர் ஏணியை எந்தப் பக்கம் போட்டிருந்தார்?"

"இடது பக்கம். கேட்டுக்கு இடது பக்கம்."

"முதல் தடவை நீங்க போறப்போ வலது பக்கம் இருந்தார்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "எந்த முதல் தடவை?" என்றார்.

"அந்த மூணாவது வீட்டுல நடக்க முடியாத ஒரு பெரியவர் இருக்கார். பல் செட்டு ரெடியாயிடுச்சு, கொண்டு போய்க் குடுத்துட்டு வாங்கன்னு எங்க பல் டாக்டர் அனுப்பினார். மணியடிச்சிட்டு வாசல்ல நின்னேன். அப்போதான் வளைவுல திரும்பி வந்தீங்க."

"அப்போ... என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டேன். ரெண்டு தடவை."

மடித்த சட்டையை அவள் மடியில் போட்டுக்கொண்டாள்.

"பின்னாடியே ஓடி வந்தேன்" என்றாள். "தபால்பெட்டிகிட்ட நின்னுட்டீங்க. அப்பாடா, வந்துட்டாருன்னு நெஞ்சுல கை வச்சேன். புத்தகத்தைத் திறந்தீங்க. கிட்ட வந்து தோளைத் தொடலாம்னு ரெண்டடி வச்சேன். அதுக்குள்ள ரப்பரை எடுத்தீங்க. அதைப் பார்த்ததும் திரும்பிப் போய் அந்த வீட்டுக் கேட்டுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன். நீங்க மறுபடி வந்து ஒவ்வொண்ணா பார்த்துப் பார்த்து மனப்பாடம் பண்ணிட்டுப் போனீங்க. சாயங்காலம் சொல்லிடுவார், சொல்லாம இருக்க மாட்டார்னு நினைச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன்."

"பயமா இருந்துச்சும்மா" என்றார். "அந்த மேஜைக்குத் திரும்பப் போகணுமேன்னு நினைச்சதும் கை தானா ரப்பரை எடுத்துடுச்சு."

"கைமேல போடாதீங்க!" அவள் குரல் முதல்முறையாக வெடித்தது. "அந்த மனுஷனுக்குத்தான் கை தானா செய்யும். நீங்க பண்ணது நீங்க பண்ணது. எனக்கு மட்டும் பயம் இல்லையா? அஞ்சு மாசமா நீங்க கேட்டைத் தாண்டினதுலேர்ந்து திரும்பி வர்ற வரைக்கும் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்னு நினைச்சீங்க? நீங்க சொல்றதை நம்பித்தானே அனுப்பினேன்? என்னை யாருன்னே தெரியாத அந்த மனுஷன் என்கிட்ட ஒரு பொய்கூடச் சொல்லல. நீங்கதாங்க சொன்னீங்க."

அவர் அழுதார். பூசி மெழுக ஒன்றும் மிச்சமில்லை. அவள் தேற்றவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, நாளைக் காலையில் முதல் வேலையாக டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்கிறேன், பையையும் கொக்கிக் கம்பியையும் சல்லடையிடம் ஒப்படைத்துவிடுகிறேன் என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

"எது வரைக்கும் ஞாபகம் இருக்கு? இப்பவாவது உள்ளதைச் சொல்லுங்க."

"டீக்கடை வளைவு வரைக்கும். அப்புறம் தபால்பெட்டி. நடுவுல ஒண்ணுமே இல்லை." நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்தார். "நடுவுல நடந்ததை நீ சொல்லேன். நீ மட்டும்தானே பார்த்த."

"வேணாங்க."

"சொல்லு. எனக்குத் தெரியணும்."

அவள் மடித்த துணிகளை ஓரமாக நகர்த்தி வைத்தாள். இத்தனை நாளும் அவர் சொல்கிற மாதிரியே, ஒன்றையும் விடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

"வளைவுல திரும்பினீங்க. முதல் வீட்டுல இறங்கிக் குனிஞ்சு பார்த்து எழுதினீங்க. ரெண்டாவது வீட்டுலயும் அப்படியே. நான் மூணாவது வீட்டு வாசல்ல நிக்கறேன், கையில அந்தப் பல் செட்டு டப்பா. நீங்க நேரா என்கிட்ட வந்து சைக்கிளை நிறுத்தினீங்க. எனக்கு ஒரே சந்தோஷம், என்னைப் பார்த்துட்டுத்தான் நிறுத்தினீங்கன்னு. 'என்னங்க, நீங்க எங்க இந்தப் பக்கம்?'னு சிரிச்சிட்டே கேட்டேன். நீங்களும் சிரிச்சீங்க. என் மூஞ்சியை நல்லாவே பார்த்தீங்க. நான் இரும்பு மூடி மேல நின்னுட்டிருந்தேன் போல. 'கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களாம்மா, மீட்டர் பார்க்கணும்'னீங்க."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒதுங்கிக்கிட்டேன்" என்றாள்.